குளிரால் இறந்தாரா? உப்புத் தண்ணீரில் விடை கிடைக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் அறிவியல் பக்கத்தில், குளிரில் விறைத்து இறந்தவர்களை ரத்தத்தில் உள்ள மூலக்கூறுகளை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்ற கட்டுரையைப் படித்தேன். செவ்வாய்க்கிழமை அதே நாளிதழில் டெல்லிச் செய்தி ஒன்று. நடைபாதையில் படுத்திருந்தவர் குளிருக்குப் பலி என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள், குளிரால் யாரும் சாகவில்லை என்று ஓர் அதிகாரி சொல்கிறார். இந்த இரண்டையும் எழுதியவர்கள் ஒரு டீ குடித்தபடி பேசிக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர்களுக்கு நடுவே விட்டுப்போனதை நான் எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. டெல்லியில் ஓர் அரசு மருத்துவமனையின் திசு ஆய்வகத்தில் 1986 முதல் 2020 வரை டெக்னீஷியன். பிணவறையிலிருந்து பாட்டிலில் வரும் உறுப்புத் துண்டுகளை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, ஸ்லைடாக்கி டாக்டர் மேஜையில் வைப்பது என் வேலை. சொந்த ஊர் திருவையாறு. குளிர் என்றால் மார்கழி விடியலில் காவிரியில் முங்கி எழுவது என்று நினைத்துக்கொண்டு ரயில் ஏறியவன். என் கடைசிக் குளிர்காலத்தில், 2019 டிசம்பர் 30 அன்று, டெல்லியின் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பகல் உச்ச வெப்பமே 9.4 டிகிரிதான். அன்று ராத்திரி எங்கள் பிணவறைக்கு வெளியே காத்திருந்த சொந்தக்காரர்கள் சைக்கிள் டயரைக் கொளுத்திக் கைகாய்ந்துகொண்டிருந்தார்கள்.

கட்டுரை ஒன்றைச் சொல்லாமல் தாண்டிவிட்டது. இந்த மரணத்தைக் கண்டுபிடிக்க மூலக்கூறு வரை ஏன் போக வேண்டியிருக்கிறது? செத்த உடம்பு எல்லாமே சில்லிட்டுத்தான் போகும், அதனால்தான். உயிரோடு இருப்பவரின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் ஆபத்து தொடங்குகிறது. 32-க்குக் கீழே போகப்போக நடுக்கம் நிற்கிறது, புத்தி குழம்புகிறது. 28-க்குக் கீழே இதயம் எப்போது தாளம் தப்பும் என்று சொல்ல முடியாது. இதெல்லாம் உயிருள்ளவரைக்கும் உள்ள கணக்கு. காலை ஆறரைக்கு மேம்பாலத்தின் அடியில் போலீஸ் ஓர் உடலைக் கண்டெடுத்து, அதற்கு 20 டிகிரி என்று தெர்மாமீட்டர் காட்டினால், அது சாவதற்கு முன் இறங்கிய வெப்பமா, செத்தபின் இறங்கியதா? தெர்மாமீட்டருக்கு அது தெரியாது. கத்தி காயத்தை விட்டுவிட்டுப் போகும், விஷம் தன்னையே விட்டுவிட்டுப் போகும். குளிரோ வெயில் ஏறியதும் எழுந்து போய்விடும்.

கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள் சில உண்டு. இரைப்பையைத் திறந்து விரித்தால் உள்சுவரில் கருப்பு கருப்பாகப் புள்ளிகள், தோசை மாவில் எள் சிந்தியதுபோல. சிலது மிளகு அளவுக்கும் இருக்கும். 1895-ல் விஷ்னெவ்ஸ்கி என்ற ரஷ்ய மருத்துவர் எழுதிவைத்தது, இன்றும் அவர் பெயரிலேயே விஷ்னெவ்ஸ்கி புள்ளிகள் என்கிறார்கள். சின்னச் சின்னதாகக் கசிந்த ரத்தத்தை இரைப்பை அமிலம் கருக்க வைத்துவிடுகிறது, அவ்வளவுதான். அப்புறம் முழங்கால், முழங்கை, இடுப்பு எலும்பின் மேல் செந்நீலத் திட்டுகள். இவை வெளுத்த தோல்காரர்கள் எழுதிய புத்தகத்தில் வண்ணப்படமாகப் பளிச்சென்று தெரியும். பீகாரிலிருந்து வந்து ரிக்‌ஷா மிதித்தவரின் முழங்காலில் தேடிப் பாருங்கள். பிணத்தின் முதுகுப் பக்கம் தேங்கும் ரத்தம் இளஞ்சிவப்பாக இருக்கும் என்றும் சொல்வார்கள். ஆனால் பிணவறை ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைத்தாலும் அதே நிறம்தான்.

இன்னொரு காரணத்தாலும் அதே சிவப்பு வரும். டெல்லிக் குளிரில் ஏழைகள் வீட்டுக்குள் அங்கீட்டி வைத்துக்கொள்வார்கள், நம்மூர்க் கணப்புச் சட்டி. கதவு ஜன்னல் எல்லாவற்றையும் கோணியால் அடைத்துவிட்டுக் கரி போட்டுத் தூங்கினால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு. குளிருக்குப் பயந்து சூடு தேடியவர்களும் சூடு கிடைக்காதவர்களும் ஒரே காலையில் அடுத்தடுத்த ஸ்ட்ரெச்சரில் வந்த நாட்களைப் பார்த்திருக்கிறேன். அங்கீட்டி மரணத்தைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. சில துளி ரத்தத்தைத் தண்ணீரில் கரைத்து, சோடியம் ஹைட்ராக்சைடு கொஞ்சம் விட்டால் சாதா ரத்தம் உடனே பழுப்புப் பச்சைக்குப் போகும், கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தம் சிவந்தே நிற்கும். சோதனைக் குழாயில் அரை நிமிட வேலை. அளவு சொல்லக் கருவி வேண்டும், ஆனால் சந்தேகத்தை எழுப்ப இது போதும். குளிருக்கு இப்படி ஒரு குழாய் விடை கிடையாது. உங்கள் கட்டுரையின் தலைப்பு ஏதோ கிடைத்துவிட்டதுபோல எழுதியிருந்தது.

2004 ஜனவரியில் நடந்ததைச் சொல்கிறேன். கட்டடம் கட்டிக்கொண்டிருந்த ஒரு மனையில், செங்கல் அடுக்குக்கும் சுவருக்கும் நடுவே இருந்த ஒன்றரை அடி இடுக்கில் ஒரு பெண்ணின் உடல். ஸ்வெட்டரும் சேலையும் பத்தடி தள்ளிக் கிடந்தன. போலீஸ்காரர் என்ன நினைப்பார்? மனையின் காவலாளியை அன்றே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்று நாள் உள்ளேயே வைத்திருந்தார்கள்.

குளிரில் சாகிறவர்கள் கடைசி நேரத்தில் துணியைக் கழற்றிப் போடுவது உண்டு. அதுவரை இறுக்கிப் பிடித்திருந்த தோலின் ரத்தக் குழாய்கள் தளர்ந்து சூடான ரத்தம் மேலே பாயும்போது உடம்பு எரிகிற மாதிரி இருக்குமாம். கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், ஏதாவது பொந்தில் போய் ஒண்டிக்கொள்வதும் உண்டு. தெரியாதவர் கண்ணுக்கு அது பலாத்காரமும் பிணத்தை மறைத்ததும்தான். எங்கள் டாக்டருக்குத் தெரியும். உடம்பில் ஒரு கீறல் அதிகமில்லை, உள்ளாடை கலையவில்லை, இரைப்பையில் புள்ளிகள் நாற்பதுக்கு மேல். சிறுநீரகத்தில் ஒரு துண்டை வெட்டி என்னிடம் நேராகக் கொண்டுவந்து, "மெழுகில் போட்டுடாதே, உறைய வைத்து வெட்டு" என்றார்.

அதன் காரணத்தைச் சொல்ல வேண்டும். மெழுகுக்குப் போகும் வழியில் ஆல்கஹாலும் சைலீனும் திசுவில் இருக்கும் கொழுப்பையெல்லாம் கரைத்துவிடும். கொழுப்பு இருந்த இடம் வெற்று ஓட்டையாகத் தெரியும், அந்த ஓட்டை எதனால் வேண்டுமானாலும் வந்திருக்கலாம். கொழுப்பைக் கொழுப்பாகவே பார்க்க வேண்டுமென்றால் கிரையோஸ்டாட் இயந்திரத்தில் மைனஸ் 20-ல் உறைய வைத்துச் சீவி, கொழுப்பைச் சிவப்பாக்கும் ஆயில் ரெட் ஓ சாயம் ஏற்றி, கிளிசரின் ஜெல்லியில் மூட வேண்டும். குளிரில் செத்தாரா என்று பார்க்க, அவர் சிறுநீரகத்தை அதைவிடக் குளிரில் வைத்து வெட்டுகிற வேலை. அன்று சாயம் கழுவி லென்ஸுக்குக் கீழே வைத்தேன். சிறுநீர்க் குழல்களின் செல்கள் ஒவ்வொன்றிலும் அடிப்பக்கமாக, வரிசையில் உட்கார வைத்த மாதிரி, மாதுளை முத்து நிறத்தில் கொழுப்புத் துளிகள். குழலைச் சுற்றி ஒரு சிவப்பு வளையம். முப்பத்து நான்கு வருஷத்தில் அவ்வளவு தெளிவாக நான்கைந்து தடவைதான் பார்த்திருப்பேன். நீரிழிவு முற்றி இறந்தவருக்கும் இதைப்போல வரும் என்பதால், டாக்டர் கண்விழிக்குள் இருக்கும் கூழ்நீரான விட்ரியஸில் சர்க்கரையையும் பார்க்கச் சொல்லி, அது ஏறவில்லை என்று தெரிந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். நான்காம் நாள் காவலாளி வெளியே வந்தார். அவருக்கு அந்த ஸ்லைடு பற்றித் தெரியாது, சொல்லவும் யாரும் இல்லை.

சரி, மூலக்கூறுக்கு வருகிறேன். குளிர் தன் தடத்தை விடாவிட்டாலும், குளிரோடு உடம்பு போட்ட சண்டை தடம் விட்டுப்போகிறது. நடுங்கும் தசை இருக்கும் சர்க்கரையைத் தின்று தீர்த்துவிடும். பிறகு கொழுப்பை எரிக்க வேண்டும், எரித்தால் கீட்டோன்கள் வரும். ரத்தத்திலும் விட்ரியஸிலும் பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட் என்ற கீட்டோன் ஏறியிருக்கும். இன்னொரு பக்கம் அட்ரினலினும் நார் அட்ரினலினும் கொட்டி, சிறுநீரில் சேரும். குளிரில் சிறுநீர் அதிகம் சுரப்பதால் இறந்தவரின் பை நிறைந்திருப்பதும் உண்டு, உடம்பு எழுதிய கடைசிக் கடுதாசி அங்கே இருக்கிறது. பின்லாந்தின் ஔலு நகரில் ஹிர்வோனென் குழுவினர் 1970, 80-களிலேயே இதை அளந்து எழுதிவிட்டார்கள். ஆகவே இது நேற்று வந்த செய்தி இல்லை.

புதிது என்றால், கார்டிசால், அசைல்கார்னிடைன் என்று நூற்றுக்கணக்கான சிறு மூலக்கூறுகளை ஒரே ஓட்டத்தில் அளந்து, குளிர் மரணத்துக்கென்று ஒரு சேர்க்கை இருக்கிறதா என்று ஸ்வீடனில் பார்த்துவருவது. விஷம் இருக்கிறதா என்று பார்க்க எடுத்த ரத்தத்தின் தரவையே மறுபடி அலசுகிறார்கள். இது எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் புதிதாக ஒரு துளியும் எடுக்க வேண்டாம். உங்கள் கட்டுரையாளர் மிகவும் சிலாகித்த குளிர்ப் புரதங்கள், ஆர்பிஎம்3, சிஐஆர்பி முதலியவை, செல் குளிரும்போது அதிகம் உண்டாகின்றன என்பது சரி. ஆனால் மூச்சு நின்றதும் எல்லாச் செல்லும் அந்த நொடியே சாவதில்லை, உடம்போ அப்போதுதான் குளிரத் தொடங்குகிறது. அந்தப் புரதம் யாருடைய கணக்கில் வரவு? உயிருள்ளவர் கணக்கிலா, பிணத்தின் கணக்கிலா? தெர்மாமீட்டரிடம் நாம் கேட்ட அதே கேள்வி வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. ஹெச்எஸ்பி70 என்ற புரதம் சிறுநீரகத்தில் கூடுவதும் அப்படித்தான், குளிர் தவிர வேறு எத்தனையோ நெருக்கடிகளுக்கும் அது கூடும்.

மற்ற அடையாளங்களுக்கும் ஆளுக்கொரு வில்லங்கம் உண்டு. கீட்டோன் ஏறியிருந்தால் குளிரா, நீரிழிவா, பல நாள் பட்டினியா, குடியா? விட்ரியஸில் சர்க்கரையும் எகிறியிருந்தால் நீரிழிவு என்று ஒதுக்கலாம். பட்டினியை அப்படி ஒதுக்க முடியாது, தெருவில் குளிரில் சாகிறவர் பல வேளை சாப்பிடாதவராகவும் இருப்பார். குடி இன்னும் மோசம். நிறையக் குடித்தவரின் தோல் வழியாக வெப்பம் வேகமாகப் போகிறது, ஆனால் ரத்தத்தில் சாராயம் இருக்கும்வரை கீட்டோன் உண்டாவது மட்டுப்படுகிறது. போலந்தின் லூப்ளின் நகர ஆய்வுகளில் இது தெளிவாக வந்தது. ஆக, குளிரில் சாக அதிக வாய்ப்புள்ளவரிடம்தான் அடையாளம் குறைவு. அட்ரினலினும் அப்படித்தான், ஆம்புலன்ஸில் உயிர்ப்பிக்க ஊசி போட்டிருந்தால் கணக்கு கெட்டது.

எனவே ஒரு மூலக்கூறைப் பிடித்து "இவர் குளிரால் இறந்தார்" என்று யாரும் எழுத முடியாது. இடம், அன்றைய வானிலை, உடை, இரைப்பை, சிறுநீரகம், விட்ரியஸ், சிறுநீர், விஷம் இல்லை, காயம் இல்லை, மாரடைப்பு இல்லை. இத்தனையையும் கூட்டிக் கழித்துத்தான் எழுத வேண்டும்.

நம்மிடம் அந்தக் கூட்டல் தொடங்குவதற்கே வழியில்லை, இதுதான் என் ஆதங்கம். 2016 ஜனவரியில், தர்பங்காவிலிருந்து வந்து ரிக்‌ஷா மிதித்த ஒருவர் கடை வாசலில் இறந்துகிடந்தார். நாற்பது வயது இருக்கும். வேறொரு பிணவறையில் அறுத்து, சிறுநீரகமும் இதயமும் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தன. மூடியைத் திறந்ததும், திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் மருந்து மூக்கில் ஏற வேண்டும், கண் கரிக்க வேண்டும். ஒன்றும் இல்லை. பாட்டிலின் கழுத்தில் வெள்ளையாகப் பூத்திருந்ததை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், உப்பு.

விஷம் பார்க்க அனுப்பும் உறுப்புகளை நம் நாட்டில் உப்பு கரையாமல் அடியில் தங்கும் அளவுக்குச் செறிந்த கரைசலில் போடுவார்கள், அது சரியான முறை. திசு பார்க்க அனுப்புவது ஃபார்மலினில் போக வேண்டும். யாரோ அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் இருந்து ஊற்றிவிட்டார். உப்பில் கிடந்த திசு நார்த்தங்காய் மாதிரி சுருங்கிப்போயிருந்தது. இருந்தாலும் வெட்டினேன். செல்லின் ஓரம் எது, நடு எது என்று தெரியவில்லை. சிறுநீர் எடுக்கவில்லை, விட்ரியஸ் எடுக்கவில்லை, இரைப்பையைப் படம் பிடிக்கவில்லை. விஷம் இல்லை என்று தடயவியல் ஆய்வகத்திலிருந்து ஐந்து மாதம் கழித்துக் காகிதம் வந்தது. காரணம் கண்டறிய இயலவில்லை என்று அறிக்கை முடிந்தது.

அவருடைய தம்பி மூன்று தடவை வந்தார். பேரிடர் நிவாரண நிதி விதிகளின் பட்டியலில் குளிர் அலையும் இருக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 2015 முதல் 4 லட்சம் ரூபாய், ஆனால் மரணத்தின் காரணத்தை உரிய அதிகாரி சான்றளிக்க வேண்டும். யாரோ அவருக்கு இதைச் சொல்லியிருந்தார்கள். "அன்றைக்கு ராத்திரி அண்ணனிடம் கம்பளி இல்லை என்று எனக்குத் தெரியும் பாபுஜி. அதை எழுதினால் போதாதா?" என்று கேட்டார். நான் டெக்னீஷியன், எதையும் எழுத முடியாது என்றேன். மூன்றாவது தடவை வந்தபோது அண்ணனின் ரிக்‌ஷாவை அவரே மிதித்துக்கொண்டு வந்திருந்தார்.

அந்த அதிகாரி "குளிரால் யாரும் சாகவில்லை" என்றதை உங்கள் நிருபர் அப்படியே போட்டது அதனால்தான் எனக்கு உறுத்துகிறது. பாதி நேரம் அதன் அர்த்தம், குளிரால் இறந்தார் என்று எழுதிய காகிதம் எதுவும் இல்லை என்பதுதான். காகிதம் ஏன் இல்லை என்று கேட்டிருக்கலாம். அடுத்த தடவை போன் செய்யும்போது, சிறுநீர் எடுத்தீர்களா, உடனே உறைய வைத்தீர்களா, கண்ணிலிருந்து விட்ரியஸ் எடுத்தீர்களா, இரைப்பையின் உள்பக்கத்தைப் படம் எடுத்தீர்களா, சிறுநீரகத் துண்டு ஃபார்மலினில் போனதா என்று கேட்கச் சொல்லுங்கள். இதில் எதற்கும் ஸ்வீடன் இயந்திரம் வேண்டாம். இரண்டு சிரிஞ்சு, ஒரு செல்போன், லேபிள் ஒட்டிய இரண்டு பாட்டில். கீட்டோன் பார்க்க நீரிழிவு நோயாளிகள் வீட்டில் வைத்திருக்கும் ஸ்ட்ரிப் மீட்டரையே முதல் சோதனைக்குப் பயன்படுத்தலாம், வெளிநாட்டில் அப்படிச் செய்து பார்த்திருக்கிறார்கள். எடுத்து வைத்தது இருந்தால் பத்து வருஷம் கழித்து வரும் புதுச் சோதனையையும் செய்யலாம். எடுக்காததை எந்த மூலக்கூறு விஞ்ஞானியும் சோதிக்க முடியாது.

வானிலைத் துறையின் கணக்கில் சமவெளியில் குறைந்தபட்ச வெப்பம் 4 டிகிரிக்கு இறங்க வேண்டும், அல்லது 10-க்குக் கீழே இருந்து வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது குறைய வேண்டும், அப்போதுதான் குளிர் அலை. நனைந்த சட்டையோடு காலி வயிற்றில் படுத்த கிழவருக்கு அந்தக் கணக்கு தெரியாது, 10 டிகிரியும் காற்றும் போதும். இதெல்லாம் வடக்கத்தி விவகாரம், நமக்கென்ன என்று யாராவது கேட்டால், டிசம்பரில் பஞ்சாப் வரை சரக்கு ஏற்றிப் போகும் நாமக்கல் லாரிக்காரர்களை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீலகிரியிலும் ஜனவரியில் புல்லின் மேல் உறைபனி விழத்தான் செய்கிறது.

என் பெயரைப் போட வேண்டாம். கூட வேலை பார்த்தவர்கள் இன்னும் அங்கே பணியில் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக டெக்னீஷியன்,
திருவையாறு

பின்குறிப்பு: கட்டுரையில் "குளிரில் இறந்தவரின் சிறுநீரகம்" என்று போட்டிருந்த படம் சிறுநீரகம் இல்லை, கல்லீரல். நடுவில் ஒரு சிரையும் அதைச் சுற்றி ஆரக்கால் மாதிரி செல் வரிசையும் நன்றாகவே தெரிகிறது. சிறுநீரகமாக இருந்தால் நூல் பந்து மாதிரி இருக்கும் ரத்த வடிகட்டி, குளோமெருலஸ், ஒன்றாவது கண்ணில் பட்டிருக்கும்.